சுவரிலிருந்து இரண்டு சாண்

வரைபடத்தில் இந்தச் சந்து ஆறடி.
வந்து டேப் பிடித்தால் நாலரை.
வடக்கே பனியன் கம்பெனிச் சுவர்,
தெற்கே இரத்தினாத்தாள் வீடு,
நடுவில் நானும் ஐந்து ஆளும்
ஆறு அங்குலக் குடிதண்ணீர்க் குழாயும்.

ஜேசிபி நுழையாது.
நுழைந்தாலும் விடமாட்டேன்.
போன மாசம் அடுத்த வார்டில் ஒருத்தன் பல்லை இறக்கி
நாலு தெரு இருட்டு;
சாயப்பட்டறையில் முக்கிய துணி
பாதிச் சிவப்பில் நின்றுவிட்டது.

தார் போச்சு, ஜல்லி போச்சு.
அப்புறம் சரளை, கடப்பாரை பட்டால் பொறி.
"ஏனுங்க, கரண்டு ஒயரு எந்தப் பக்கமுங்க?"
சென்னியப்பன் கேட்டான்.
வடக்கே என்றது காகிதம்.
ஃபேனுக்கடியில் பிறந்த காகிதம்.

ஒன்றரை அடியில், தெற்கே,
பிரபுல்லா கையை நிறுத்தினான்.
குறுக்கே படுத்த ஒரு செங்கல்.
பக்கத்தில் இன்னொன்று.
நான் வாய் திறக்கும் முன்பே
எல்லோரும் மேலே ஏறியிருந்தார்கள்.

கடப்பாரை ஓரம் போனது.
கொட்டாங்குச்சி, கை, பழைய பெயிண்ட் பிரஷ்.
செங்கல்லுக்கடியில் சலித்த மணல்
(போட்டவன் யாரோ, நன்றாயிருக்கட்டும்),
மணலுக்குள் கறுப்பாய்
என் முன்கைத் தடிமனில் அது.
"செத்த கேபிள்தானுங்க" என்றார் லைன்மேன் போனில்.
வந்து தொட்டுக் காட்டுங்கள் என்றேன்.
லைன் கட்டாகிவிட்டது.

இரத்தினாத்தாளுக்குக் கேபிள் கவலையில்லை.
அவள் வீட்டுக் கடைக்கால் இரண்டடி,
மண்சாந்தில் அடுக்கிய கருங்கல்.
நான் போக வேண்டியது மூன்றரை.
சந்துச் சுவரில் ஏற்கெனவே ஒரு விரிசல்.
காலையிலேயே அதன் குறுக்கே
கண்ணாடித் துண்டொன்றைச் சிமெண்டில் ஒட்டி
பக்கத்துச் சுண்ணாம்பில் பென்சிலால் தேதி போட்டேன்.
சுவர் நகர்ந்தால் முதலில் கண்ணாடி உடையும்.

ஆறடி தோண்டு, பலகை கொடு,
குழாயை இறக்கு, மூடு, இடி.
அப்புறம் அடுத்த ஆறடி.
கம்பெனியில் நைட் ஷிப்ட்.
நிட்டிங் மிஷின் அதிர்வு என் முதுகில் ஏறியது;
நடுங்குவது சுவரா நானா
தெரியவில்லை.
மணிக்கொரு தரம் அவள் டார்ச்சோடு வந்து
"இருக்குதுங்" என்பாள்.
அதே குரலில்,
"டீ வெக்கட்டுங்களா."

விடிந்தபோது கண்ணாடி முழுசு.
தேதியைத்தான் காணோம்.
கால் மணிநேரம் சாய்ந்து தூங்கியிருக்கிறேன்,
வேர்வையில் அழிந்து என் சட்டைக்கு வந்துவிட்டது.
நேற்றைய தேதியா, இன்றையதா?
பென்சிலோடு நின்றேன்.
நாளைக்கு விரிசல் வளர்ந்தால்
பணம் யார் கையிலிருந்து என்பது
அந்த ஓர் எண்ணில் இருக்கிறது.

"கொடுங்க இப்பிடி" என்று வாங்கி
நேற்றைய தேதியை அவளே போட்டாள்.
அதற்குக் கீழே, கொஞ்சம் யோசித்து,
ஒயர் இருக்குது, ரெண்டு சாண் தள்ளி.

பிரபுல்லா என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டான்.
கேட்டுவிட்டு
ஒரு கடப்பாரை வரைந்து
குறுக்கே கோடு போட்டான்.