வயிற்று வலி, நாலாவது தடவை

கம்பி வைத்த இந்தச் சன்னலில்
எனக்குத் தெரிவதெல்லாம் கைகள்தான்.
வளையல் கை, சிமெண்டுக் கை,
சீட்டைச் சுருட்டிப் பிடித்த கை.
ஈஜிபுரா ஆரோக்கிய மையத்தில்
பதினோரு வருஷமாக மாத்திரை எண்ணுகிறேன்.
கைக்கு மேலே முகம் உண்டு என்பது
எப்போதாவதுதான் ஞாபகம் வரும்.

யுகேந்திரனுக்குக் கைகூட எட்டாது.
ஏழு வயது. தலைமுடி மட்டும்
பலகைக்கு மேல் வந்து நிற்கும்.
பக்கத்தில் அஞ்சலாட்சி,
விடியலில் மஸ்டர் போட்டுத் தெருக்கூட்டி முடித்து
பச்சைக் கோட்டைக் கழற்றாமல் வந்திருப்பாள்.
சிரப் வேண்டுமென்றால் பாட்டில் கொண்டுவர வேண்டும்,
அது எங்கள் வழக்கம்.
அவள் கொண்டுவருவது குவார்ட்டர் பாட்டில்,
மூன்று தண்ணீரில் அலசி
லேபிளை நகத்தால் பாதி சுரண்டியது.
எங்கே பொறுக்கினாள் என்று நான் கேட்டதில்லை.

உள்ளே டாக்டரம்மா: ஹொட்டெ நோவா?
அஞ்சலாட்சி: வயிறு நோவுதாம்மா.
நடுவில் சொல்லிக்கொடுக்க நான் எதற்கு?
நோவு இரண்டு மொழிக்கும் ஒன்று.
மனசும் ஒன்றுதான்,
அந்தச் சொல்லை அன்று யாரும் எடுக்கவில்லை.

முதல் தடவை பூச்சி மாத்திரை.
அப்புறம் ரோஸ் கலர் சிரப்.
அப்புறம் உப்புச்சர்க்கரைப் பொட்டலம்.
நாலாவது தடவை, பழையதைப் பார்க்கலாமென்று
பதிவேட்டைப் புரட்டினேன்.

எங்கள் கூரை ஒழுகும்.
மழை வந்தால் சரியாகப் பதிவேட்டின் மேல்தான்.
அவன் பெயர் இருந்த எல்லாப் பக்கத்திலும்
மை கரைந்து ஊதாவாகப் பரவியிருந்தது.
காய்ந்த பக்கம் எதிலும் அவன் இல்லை.

"மழைக்கும் இவன் வயித்துக்கும் என்னம்மா?"

அவள் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.
போன ஐப்பசியில், ராஜகால்வாயில்
பந்தெடுக்க இறங்கினானாம் எதிர்வீட்டுத் தமீம்.
இவன் மேலே நின்று
அவன் செருப்பைப் பிடித்துக்கொண்டிருந்தானாம்.
"செருப்பை அவங்க வீட்ல குடுத்துட்டோம் சார்.
அதுக்கப்பறம் அழக்கூட இல்ல இவன்."

டாக்டரம்மாவுக்கு அது தொண்ணூற்று மூன்றாவது டோக்கன்.
கேட்டார். பேனா கொஞ்சம் நின்றது.
பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினார்.
இரண்டு பஸ், ஒரு முழு நாள்.
அஞ்சலாட்சி விரல்விட்டு எண்ணியது தூரத்தை அல்ல.
"இங்கியே ஒருத்தர் வருவாங்கன்னு சொன்னாங்களே?"
வருவார். மாதத்தில் முதல் செவ்வாய்.
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மூன்று வார்டு.

அந்தச் செவ்வாய் நல்ல வெயில்.
வயிறு வலிக்குதா? இல்ல.
தூக்கம் வருதா? வரும்.
படம் வரையச் சொன்னார். பஸ் வரைந்தான்.
நல்ல பஸ், டிரைவருக்கு மீசை இருந்தது.
நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.
அவரைக் குறை சொல்ல மாட்டேன்,
வராந்தாவில் இன்னும் இருபத்திரண்டு குழந்தைகள்.
வானத்துக்கு அப்பாயின்ட்மெண்ட் கொடுப்பது யார்.

இன்று மூன்று மணிக்கு
கோரமங்கலா பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
டோக்கன் இல்லாமல் வந்து நின்றார்கள்.
பாட்டில் கொண்டுவரவில்லை.

பக்கக் கதவைத் திறந்தேன்.
வெளியாட்கள் வரக்கூடாது என்று அதில்
நான்தான் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
குளுக்கோஸ் பெட்டி மேல் அவனை உட்கார வைத்தேன்.
எனக்கு இந்த வேலை தெரியாது.
பத்துப் பத்தாக எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.

முதல் சொட்டு விழுந்தது.
அவன் தோள் இரண்டும் காதுவரை ஏறின.
இரண்டாவது சொட்டு.
வரிசையில் யாரோ வளையலால் கம்பியைத் தட்டி
"ரீ, பேக மாட்ரி" என்றார்கள்.
நான் திரும்பவில்லை.

பிறகு அவனாகவே இறங்கி
தன் மார்பளவு பதிவேட்டை இரண்டு கையாலும் இழுத்து
சொட்டு விழாத இடத்தில் வைத்தான்.

வைத்துவிட்டு,
"தமீம் செருப்பு நீலம்" என்றான்.