காற்றுக்குக் குறுக்கே

மூன்று பச்சைப் பொத்தான்கள் இருந்தன.
மூன்றிலும் ‘டவுன்லோடு’ என்றிருந்தது.
உண்மையானது நான்காவது.
சாம்பல் நிறம், பொடி எழுத்து,
ஏஜெண்டு நீட்டும் ஒப்பந்தத்தில்
கடைசி வரி இருக்குமே, அப்படி.
நான் நடுப் பச்சையை அமுக்கினேன்.

மகளுடைய உதவித்தொகைப் படிவம் அது.
ருவைஸ் முகாம், பதினான்காம் பிளாக்,
இரவு இரண்டே கால்.
ஷட்டவுன் மாதம். பன்னிரண்டு மணிநேர வேலை முடித்த நான்கு பேர்
ஏசி இரைச்சலுக்கடியில்
செத்தாற்போல் கிடந்தார்கள்.

அப்போதுதான் லேப்டாப் அலறியது.

திரை முழுக்கச் சிவப்பு.
பதினேழு வைரஸ். வங்கிக் கணக்கு போகப்போகிறது.
அணைக்காதே, மூடாதே, இந்த எண்ணைக் கூப்பிடு,
நான்கு நிமிடம் ஐம்பத்தொன்பது விநாடி,
ஐம்பத்தெட்டு.
ஒரு பெண்குரல் அதையே ஆங்கிலத்தில்,
தன் வீடு எரிவதைத்
தானே செய்தியாய் வாசிப்பவளைப்போல.

மேல்கட்டிலிலிருந்து அமலதாஸ் குதித்தார்.
கண் திறக்கவில்லை. கை மட்டும் இடுப்பில்
முகமூடிப் பையைத் தேடியது. லுங்கிதான் இருந்தது.
‘கேஸ், கேஸ்!’
தவசிமுத்துவை அவர் உதைக்க
தவசிமுத்து காஜாவை இழுக்க
மூன்று பேரும் வெறுங்காலோடு வெளியே.

ஆலைப் பயிற்சியில் சொல்லித் தந்தது:
சைரன் கேட்டால் மூச்சைப் பிடி.
கம்பத்துத் துணிப்பையைப் பார்.
காற்றுக்குக் குறுக்கே ஓடு.
முகாம் கம்பத்தில் துணிப்பை ஏது?
யாரோ உலர்த்திய பனியன் ஆடிக்கொண்டிருந்தது.
அதைப் பார்த்துத் திசை கணித்து
மெஸ் பக்கம் ஓடினார்கள்.

நான் ஓடவில்லை.
மூலையிலிருந்த பெருக்கல் குறியை அமுக்கினேன்.
அது குறியல்ல, குறியின் படம்.
இன்னொரு ஜன்னல் திறந்தது, அதில் இன்னொரு பெண்.
இருவரும் சேர்ந்து எச்சரித்தார்கள்.
வயரைப் பிடுங்கினேன்.
பேட்டரி செத்து இரண்டு வருஷம்.
புதுசு வாங்காத கஞ்சத்தனம்
அன்றைக்குக் காப்பாற்றியது.

சீனி நைனார் மட்டும் விழிக்கவில்லை என்றிருந்தேன்.
எதிர்க்கட்டிலில் போர்வைக்குள்ளிருந்தே
எண்ணைக் குறித்து வைத்திருக்கிறார்.
மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டும் விட்டார்,
எனக்காக. இருபத்திரண்டு நிமிடம்.
முந்நூறு திர்ஹத்துக்குப் பரிசு அட்டை வாங்கி
பின்பக்கம் சுரண்டி, நம்பர் சொல்லச் சொன்னானாம்.
‘வாங்கினீங்களா?’
‘பையில நாப்பதுதான் இருந்துச்சு.’
கொஞ்சம் சோறு பிசைந்துவிட்டு,
‘நல்ல பையன்தாம்ப்பா.
வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டான்.
பதினோரு வருஷமாச்சு இங்க வந்து,
ஒருத்தன் சொன்னதில்ல.’
திருடன் என்று சொல்ல வாயெடுத்தேன்.
லபன் பாக்கெட்டைப் பிரித்து
அவர் டம்ளரில் ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை கணினிக்கு உயிர் வந்தது,
கூடவே வியாதியும்.
பத்து நிமிடத்துக்கொருமுறை ஓரத்தில் ஒரு பெட்டி:
வைரஸ். பரிசு விழுந்த போன். மறுபடி வைரஸ்.
செட்டிங்ஸில் துழாவித் துழாவி
அந்தப் பட்டியலைக் கண்டேன்:
‘அனுமதிக்கப்பட்டவை’.
உயிரெழுத்தே இல்லாத ஒரு பெயர்.
அனுமதித்தவன் நான்.

எனக்கு என்ன வேலை தெரியுமா?
ஆலையில் ஒரு போல்ட்டைத் தளர்த்த மூன்று கையெழுத்து,
ஒரு வெல்டிங் பொறி பறக்க நான்கு.
அந்த அனுமதிச் சீட்டுகளைச் சரிபார்ப்பவன்.
ஆறு வருஷத்தில் ஒரு பிழை கிடையாது.

பெயரை நீக்கினேன்.
படிவத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த
தள்ளுபடிக் கூப்பன் கருவியையும் நீக்கினேன்.
கால் மணிநேரம் ஓரத்தையே பார்த்திருந்தேன்.
ஒன்றும் வரவில்லை.
நம்பிக்கையும் வரவில்லை.

ராத்திரி செண்பகவல்லி பேசினாள்.
‘அந்தப் பாரமா? ஸ்கூல் வாசல் ஜெராக்ஸ் கடையில
ரெண்டு ரூபா.
செவ்வாக்கிழமையே வாங்கிட்டேனே, சொல்லலையா?’

விடிகாலை நாலு மணிக்கு
பஸ்ஸுக்கு நடந்த அமலதாஸ்
கம்பத்தடியில் நின்று
இன்னும் யாரும் எடுக்காத அந்தப் பனியனை
ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.
காற்று கடல் பக்கமிருந்து வந்தது.