ஆற்றில் மூன்று சுற்று

கம்பெனியிலேயே வந்தது போல இருக்கணும், பாய்.
அது ஒன்றுதான் சொன்னேன்.

என் பிக்கப்போடு வந்தவை
ஸ்டீயரிங், சீட், நாற்பத்தெட்டு மாதத் தவணை.
திசை காட்டும் கண்ணாடி மேல் மாடலுக்கு மட்டும்.

ராணிப்பேட்டை காயலான் கடையில்
யாருடையதோ, ஒரு வெளிநாட்டுக் கார்.
முன்பக்கம் அப்பளம்.
உள்கண்ணாடி மட்டும் கீறலில்லாமல்
வானத்தைப் பார்த்துக் கிடந்தது.
எண்ணூறு என்றான். அறுநூற்றைம்பதுக்குப் படிந்தது.

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
முனவர் பாய் ஐஸ் குச்சியால் நெம்பிக்
கூரைத் துணியின் ஓரத்தை விலக்கினார்.
கண்ணாடிக்குப் பின்னால் ஏழு வயர்.
"ரெண்டு போதும். மத்த அஞ்சும் எதுக்குன்னு
செஞ்சவனுக்கே தெரியுமோ என்னமோ."
சிவப்பு, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃப்யூஸுக்கு.
கறுப்பு, பெயின்ட் சுரண்டிய போல்ட்டின் அடிக்கு.
வெளியே தெரிந்தால் அது வேலையில்லை, காயம்
என்று கடைசி அங்குலத்தையும் உள்ளே தள்ளினார்.

சாவியைத் திருப்பினேன்.
மூலையில் பச்சையாய் ஓர் எழுத்து. வடக்காம்.
வண்டி நின்றதோ கோட்டையைப் பார்த்து, மேற்கே.

"பாய், பொய் சொல்லுது."
"ஆக்சிடென்ட்ல அடிபட்டு சி.எம்.சி.ல கண்ணு முழிச்சவனை
இன்னிக்கு இன்னா கிழமைன்னா சொல்லுவானா?
வட்டம் அடிக்கணும். மெதுவா, மூணு சுத்து.
பக்கத்துல இரும்பு கூடாது, கரண்டு கம்பி கூடாது."

அதற்கு முன் மண்டலம் கேட்டது கண்ணாடி.
போனில் ஒரு படம், அமெரிக்காவைப் பதினைந்தாய்க் கீறியிருந்தது.
எந்தத் துண்டிலும் காட்பாடி இல்லை.
எட்டு போடு என்றார் பாய்.
எட்டு சனியாச்சே என்றாள் ரேணுகா, போனில்.
எட்டே இருந்துவிட்டது.

இரும்பும் கம்பியும் இல்லாத இடம்
தேடித் தேடி, இருட்டிய பிறகு
விரிஞ்சிபுரம் பக்கம் பாலாற்றில் இறங்கினேன்.
முதல் கியர். ஒரு சுற்று.
இரண்டாவது பாதியில் டார்ச் வெளிச்சம்.

"இன்னாத்துக்குய்யா ராவுல ஆத்துல சுத்திக்கினு கீற? மணலா?"

சட்டையில் தமயந்தி என்று பெயர்.
பின்கதவைத் திறந்து காட்டினேன்:
தார்ப்பாய், கயிறு, நாலு வெங்காயச் சருகு.
"திசை கத்துக்குடுக்கறேன் மேடம்."
"யாருக்கு?"
"கண்ணாடிக்கு."

நோட்டை எடுத்தார்.
தேதி எழுதினார். அதற்கு மேல் ஓடவில்லை.

"ஏறறேன், சுத்து. பொய்யின்னா நேரா ஸ்டேஷன்."
சுற்றினேன். எழுத்து தடுமாறியது,
தெற்கு, மேற்கு, மறுபடி தெற்கு.
அவர் டார்ச்சை டாஷ்போர்டில் அடித்தார்.
"இந்த முருகன் எப்படி ஒட்டிக்கினு கீறாரு?"
"காந்தம், மே..."
வாயை மூடிக்கொண்டேன்.

ஷூவைக் கழற்றிவிட்டு முருகனைப் பெயர்த்தெடுத்து
நாற்பதடி தள்ளி, மணலில்,
இரண்டு கையிலும் ஏந்தி நின்றார் கான்ஸ்டபிள் தமயந்தி.
உலகத்தைச் சுற்றக் கிளம்பிய ஆசாமி
ஓரிடத்தில் நிற்க,
நான் சுற்றினேன்.
ஒன்று. இரண்டு. ஹெட்லைட்டில் அவர் முகம்
வந்து வந்து போனது, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மூன்றாவது சுற்று முடிந்து பிரேக் மிதித்தபோது
ஈ.
கண்ணாடியில் வந்து உட்கார்ந்த ஈ.
விரட்டினாலும் போகாது போல.

"ஈன்னா?"
"கிழக்கு, மேடம்."
டார்ச்சை ஆற்றோடு நீட்டிப் பார்த்தார். சரிதான்.
"ஊடு எந்தப் பக்கம்?"
"அதே பக்கம்தான். வேலூர்."
"இன்னிக்கு சனி. கிழக்கே சூலம்.
தயிரு சாப்ட்டுப் போ."

ஹைவேயில் ஒரு பெட்டிக் கடையில் தயிர் பாக்கெட் பத்து ரூபாய்.
பல்லால் கிழித்து நின்றபடியே குடித்தேன்.
பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு முருகன்.
கடைக்காரன் கதவு வழியாக எட்டிப் பார்த்தான்.
"கண்ணாடில இன்னாபா பச்சையா? நீ மாட்டினதா?"
தயிரைத் துடைத்துக்கொண்டேன்.
"கம்பெனிலயே வந்தது."