உப்புத் தண்ணி

சிறுவாணித் தண்ணி வந்து பதினோரு நாளாச்சு.
செல்வபுரத்தில் எல்லாரும் குடிக்கத் தேடுகிறார்கள்,
நான் தூரிகை முக்க.
மூடியிட்ட எவர்சில்வர் தூக்கில்
முக்கால் படி ஒளித்து வைத்திருந்தேன்.
அதில் காப்பி போட்டுவிட்டுத்
திருதிருவென முழிக்கிறார் வீட்டுக்காரர்.

முப்பத்தொரு வருஷம் மோட்டார் கம்பெனியில் ட்ரேசர்.
பம்பின் வயிற்றுக்குள் சுழலும் இதழ்களை
மங்கல் தாளில் மசிப்பேனாவால் இழுத்தவள்.
அரை மில்லிமீட்டர் பிசகினால்
எங்கேயோ பல்லடத்துக் கிணற்றில்
தண்ணீர் மேலேறாது என்பார் தேவசகாயம் சார்.
புடவையெல்லாம் அம்மோனியா நெடி.
மதியச் சங்குக்கும் மறுசங்குக்கும் நடுவே
பழைய பில்லின் முதுகில் வரைவேன்:
தூக்குப்போசியின் கொக்கி,
லேத்துக்காரர் கட்டைவிரல்,
தூங்கும் வாட்ச்மேனின் திறந்த வாய்.
அவற்றில் அளவு எழுத வேண்டியதில்லை.
அதுவே சம்பளம் மாதிரி இருந்தது.

மண்ணுக்கு வந்தது எண்பத்தேழில்.
ஃபவுண்டரியில் கழித்துப்போட்ட நெருப்புக்கற்களைச்
சைக்கிளில் நாலு நாலாய்க் கொண்டுவந்து
கொல்லையில் சூளை கட்டினேன்.
முதல் சூட்டில்
பதினாலு பானைக்குப் பன்னிரண்டு வெடித்தது.
பக்கத்து வீட்டு மயிலாத்தாள்
சண்டைக்கு வருவாளென்று நின்றிருந்தேன்.
மிஞ்சிய ரெண்டில் ஒன்றைக் கேட்டு வாங்கிப்போனாள்,
உப்புப் போட்டுவைக்க.

நம்ம பக்கத்து மண்ணில் ஓடைக்கல் உண்டு.
கடுகளவு சுண்ணாம்பு.
தீயில் வெந்தும் பேசாமல் கிடக்கும்.
பிறகு ஏதோ ஒரு ஈரக்காற்றைக் குடித்து
டக்கென்று ஒரு சில்லை வெளியே தள்ளும்.
யசோதா கல்யாணத்துக்குத் தையில் கொடுத்த ஜாடி
ஐப்பசி அடைமழையில்
நடுராத்திரி பேசியதாம்.
வெள்ளைக் குழி, அம்மைத் தழும்புபோல.
மாற்றித் தரட்டுமா என்றேன்.
"வேண்டாங்க்கா, இன்னொரு தடவ பேசுதான்னு பாக்கோணும்."
அதிலிருந்து மல்லுத் துணியில்தான் வடிகட்டுகிறேன்.
ஆனாலும் ஒரு கல்லை வேண்டுமென்றே விடுகிறதோ என்று
என் கைமேல் எனக்கே சந்தேகம்.

நொய்யல்தான் வரவில்லை.
சிறுவாணியில் கரைத்த நீலம்
எந்த ஆற்றுக்கும் பொருந்தியது,
இதற்கு மட்டும் பொருந்தவில்லை.
ஒன்பது வருஷம், நாற்பது தாள்,
எல்லாம் பொய்யாய் அழகு.
ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப்போய்
சூலூர்ப் பாலத்தடியில் இறங்கி
மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு தம்ளர் மொண்டேன்.
நுரையோடு தாளில் விட்டேன்.
காய்ந்தபோது ஓரத்தில் ஒரு சாம்பல் ஊதா,
நடுவில் பொரிப்பொரியாய் உப்பு.
எந்த ட்யூபிலும் அடைக்காத நிறம்.
ஆற்றைப் பிடித்துவிட்டதாய்க் குதித்தேன்.
அப்புறம் கை கழுவப் போய்
வெகுநேரம் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சட்டம் போடக் கொடுத்தால் கடைக்காரர் திருப்பிவிட்டார்.
மழைநாளில் அந்தத் தாள் இன்னும் நசநசக்கிறது.

இப்போது குழாயில் வெறும் காற்று சீறுகிறது.
குடங்களுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்து
குழாயை வரைகிறேன்,
திருகை, வாயை, கழுத்தில் ஏறிய பச்சைக் களிம்பை.
சொட்டு விழுகிற இடத்தை மட்டும்
வெள்ளையாய் விட்டுவிட்டு
பென்சிலைக் கொண்டையில் செருகுகிறேன்.
மதிலுக்கு அந்தப்பக்கம் மயிலாத்தாள் குரல்:
"ஏனம்மிணி, வந்துருச்சா?"