பத்திரத்தில் ஏறாதது

கிணறு பொது என்று எழுதினார்கள்.
மோட்டார் ஒன்றுவிட்டு ஒரு நாள்.
புளியமரமும் வண்டல் வயலும் அண்ணனுக்கு,
மலையடிப் பக்கத்துச் சரளை முக்கால் ஏக்கர் எனக்கு.
மூன்று மாடும் அவனுக்கு.
அதில் மயிலைக்குப் புட்டியில் பால் புகட்டியவள் நான்,
அதெல்லாம் பத்திரத்தில் ஏறாது.

எருக்குழி யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நாலு மாதம் கழித்து
சர்வேயர் வந்து சங்கிலி இழுத்துக்
கல் நட்ட அன்றுதான் தெரிந்தது:
குழி முழுக்க என் பக்கம்,
மூன்றடி உள்ளே.
செங்கோடன் முதலில் சிரித்தான்.
பிறகு சிரிக்கவில்லை.
"மாடு என்னுது, சாணி என்னுது."
"குழி என்னுது."
சர்வேயர் மூக்கைப் பொத்திக்கொண்டு
"இதெல்லாம் என் படத்துல வராதும்மா" என்று
பைக்கை உதைத்தார்.

குப்பனூரில் பிறந்துவிட்டுக்
குப்பைக்குச் சண்டை போடாமல்
வேறெதற்குப் போடுவார்கள் என்றார்களாம்
டீக்கடையில்.

ஏற்காட்டு மேகம் மலையைவிட்டு இறங்காத சித்திரை.
வழி சொன்னது நான்தான்.
பாகம் பிரிந்த பிறகு விழுந்தது உன்னுடையது,
மேலாக வழித்துக்கொள்.
அதற்கு முன் விழுந்தது, அடியில் கிடப்பது,
இடத்தோடு எனக்கு.
நியாயமாகத்தான் இருந்தது.
பஞ்சாயத்தில் வைத்தாலும் தலையாட்டுவார்கள்.

பதினைந்து வருடம் லாரி ஓட்டியவன்.
நாக்பூர் ரோட்டில் எந்த தாபாவில்
எத்தனை மணிக்குப் பருப்பு தீரும் என்று தெரியும் அவனுக்கு.
பச்சைச் சாணி வேரைச் சுடும் என்று தெரியாது.
எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

இரண்டு டிராக்டர் லோடு
ஆவி பறக்க, வெள்ளைப் புழு நெளிய
அவன் வயலுக்குப் போனது.

நான் தோண்டியது கறுப்பு.
பிடித்தால் பிடி, விரித்தால் பொடி.
சாணி வாசமே இல்லை,
ஏற்காட்டுக் காப்பித்தூள் டப்பாவைத் திறந்த மாதிரி ஒன்று.
மூன்று வருடத்து மயிலை அதில் இருந்தாள்.
கூளம் இருந்தது, கொழுஞ்சி இருந்தது,
அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில்
விடிய விடிய வெந்நீர் வைத்த அடுப்பின் சாம்பல் இருந்தது.
கூடை கூடையாகப் பாரில் கொட்டி
வெண்டை ஊன்றினேன்.

நாற்பதாம் நாள் பூ.
முதல் பறிப்பு நாலே கிலோ.
பத்தாம் பறிப்பில் எழுபத்திரண்டு.
அப்பாவின் முழுக்கைச் சட்டைக்குள்ளும் புகுந்து
அரித்தது சுணை.
அம்மாபேட்டை உழவர் சந்தையில்
நுனி ஒடித்துப் பார்க்கிற பெண்கள்
சொடக்கு சொடக்கென்று ஒடித்தார்கள்,
ஒடித்ததை என் தட்டிலேயே போட்டுவிட்டு
முழுசாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டார்கள்.
போகட்டும். பேரம் பேசவில்லை.

கல்லுக்கு அந்தப் பக்கம்
முழங்காலோடு நின்றுவிட்டது செடி.
பிடுங்கினால்
வேர் இருக்கவேண்டிய இடத்தில் புழு சுருண்டிருந்தது.

சம்பூர்ணம் அண்ணி ஒரு விடிகாலை
மோட்டார் போட வந்தவள்
கல்லருகே நின்றாள்.
"என்ன போட்டே?"
"அதே குழிதான் அண்ணி."
பொய் இல்லை.
அவள் போன பிறகும் வாய் கசந்தது.
இன்னும் பல் விளக்கவில்லை, அதனால்தான்
என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது தன் பக்கத்தில்
புதுக் குழி வெட்டியிருக்கிறான்.
ஆழம் போதாது.
நிழல் கிடையாது.
மூட ஒரு கூடை மண் கிடையாது.
நட்டுச்சி வெயிலில்
சாணி வறட்டியாகக் காய்கிறது.

அவன் டவுனுக்குப் போகிற வியாழக்கிழமைகளில்
கல்லைத் தாண்டிப் போகிறேன்.
புங்கந்தழை நாலு கை,
மண் ரெண்டு கூடை,
ஒரு குடம் தண்ணீர்.
என் எரு இல்லை அது.
காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை,
அவ்வளவுதான்.
செங்கோடனுக்கு இதுவரை தெரியாது.
மயிலைக்குத் தெரியும்.
கயிறு எட்டுகிற தூரம் வந்து நின்று
அசை போட்டபடி பார்ப்பாள்.
சில நாள்
அங்கேயே வாலைத் தூக்குவாள்.