தன் மூச்சைக் குடிக்கும் எஞ்சின்

ஹெக்ஸ் ஆற்று மலைக்குக் குட்டைச் சக்கரம்.
வேகம் வேண்டாம்,
பிடி விடாமல் ஏறினால் போதும்.
மலை தாண்டினால் கரூ.
அங்கே சறுக்கப் பாறையில்லை,
குடிக்கத் தண்ணீருமில்லை.

முன்பெல்லாம் எஞ்சினின் தாகத்துக்கென்றே
தண்ணீர் வண்டிகள் ஓடின,
எங்கள் தெருவுக்கு வராத தண்ணீர்.
இப்போது வந்திருப்பது
விட்ட மூச்சைக் குளிரவைத்து
மறுபடி தானே குடிக்கிறது.
பின்னால் ஒரு வீட்டு நீளத்துக்கு
விசிறிகளும் குழாய்களும்.

"பத்தில் ஒரு பங்கு தண்ணீர் போதும்"
என்கிறார் சாரெல்,
தானே கண்டுபிடித்த மாதிரி.

எனக்கு அதனோடு ஒரு வழக்கு உண்டு.
பழையது புகைபோக்கியில்
நான்கு நான்காய்த் தட்டிக்கொண்டு வரும்.
மூன்று மைலுக்கு அப்பாலேயே கேட்கும்.
அப்போதுதான் சட்டியில் முட்டை உடைப்பேன்.
இது தட்டுவதே இல்லை.
ஆகாய விமானம் போல ஓர் ஊளை,
அதுவும் வந்து சேர்ந்தபின்.

நேற்றும் அடுப்பு ஆறிக் கிடந்தது.
முகமெல்லாம் கரியாக வாசலில் நின்று
ஒரு வாளி தண்ணீர் கேட்டார்.
காலையில் முட்டைக்கோஸ் அலசியதை
எடுத்து நீட்டினேன்.
முகர்ந்து பார்த்தார்.

நானும்தான் எதையும்
வெளியே விடுவதில்லை, சாரெல்.