அறுநூற்றுப் பத்து சென்டிமீட்டர்

அடிவாரச் சோதனைச் சாவடி. விடிகாலை நாலரை.
"என்ன சரக்கு?"
"காலி வண்டி சார்."
காலி வண்டி எதற்கு மலையேறுகிறது என்று
கேட்கத் தோன்றாத தூக்கம் அவருக்கு.
டாடா ஏஸின் பின்னால் பரபரக்கிறது
ஜவ்வரிசி மாவு படிந்த தார்ப்பாய்.

முதல் வளைவு. நாலாவது. எட்டாவது.
எண் பலகை வரும்போதெல்லாம் அப்பா கேட்கிறார்:
"தொறந்துச்சா?"
தொறந்துச்சு.
ஏறும்போது காது தானாகவே திறக்கும்,
இறக்கத்தில்தான் அதன் குணம் தெரியும்.
அப்போது மூக்கைப் பிடித்து, வாயை மூடி,
உள்ளிருந்து ஒரு மூச்சைத் தள்ள வேண்டும்,
சாத்திய கடைக்குள் மாட்டிக்கொண்டவன்
ஷட்டரைத் தூக்குகிற மாதிரி.

எழுத்துத் தேர்வில் தேறினேன்.
மைசூரில் ஐந்து நாள் கயிறு ஏறி, பள்ளம் தாண்டி,
முன்பின் தெரியாதவர்களோடு வாதாடித் தேறினேன்.
பெங்களூரில் ஒரு மருத்துவர்
இடது காதுக்குள் விளக்கடித்தார்.
குகைக்கோயிலில் குனிந்து
சேர்வராயனைத் தேடுபவரைப் போல
வெகுநேரம் பார்த்தார்.
செவிப்பறையில் பழைய கிழிசல், ஒட்டுப்போட்டது.
பறக்கும் பணிக்குத் தகுதியில்லை.
செ. யுவஸ்ரீ என்ற பெயரில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை.

மேல்முறையீட்டுக்கு நாற்பத்திரண்டு நாள்.
நாற்பது ரூபாய்ச் சலான்.
பெரியாஸ்பத்திரி காது டாக்டரின் சான்று.
அதோடு ஒரு படிவம், அதில் ஒன்றரை அங்குல இடம்:
காயத்தின் காரணம்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் பள்ளிக்குப் போகவில்லை.
காமலாபுரத்துக்குத் தினம் ஒரே ஒரு விமானம்
வந்து திரும்பிய காலம் அது.
வேலிக் கம்பியில் முகத்தை வைத்து
அது இறங்குவதைப் பார்த்தேன், ஏறுவதைப் பார்த்தேன்,
போன பிறகும் வெறும் ஓடுபாதையைப் பார்த்தேன்.
வீட்டு வாசலில் நான் நின்றபோது இரவு எட்டரை.
வலது கைக்காரர் எதிரில் நின்று அறைந்தால்
இடது காது.

படிவத்தில் எழுதினேன்: ஆக்சிடென்ட்.
ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் படிக்கிற அப்பா
அந்த ஒரு சொல்லை மட்டும் கூட்டாமலே படித்துவிடுவார்.
பதினாலாவது வளைவில் சொன்னார்:
"இருபத்தாறு வருசமா ஓட்டறேன்.
ஆக்சிடென்ட்னு ஒரு கேஸு கெடையாது எம்மேல."
அப்புறம் ஆறு பலகைகள் வந்தன.
எதிலும் அவர் கேட்கவில்லை.

ஏரிக்கரையில் டேப் பிடித்து அளந்தார்,
அறுநூற்றுப் பத்து சென்டிமீட்டர்.
சாக்பீஸில் அங்கே ஒரு கோடு, இங்கே ஒரு கோடு.
நான் முதுகைக் காட்டி நிற்க வேண்டும்.
வலது காதை விரலால் அடைக்க வேண்டும்.
அவர் கிசுகிசுப்பார்,
கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

டீசல் இரைச்சலுக்கு மேலே பேசியே பழகிய தொண்டை.
முதல் எண்ணுக்கு நாய் ஒன்று எழுந்து குரைத்தது.
"மெதுவாப்பா."
எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு.
நாப்பத்தி ஒண்ணு. நாப்பத்தி ஒண்ணு.
கொண்டலாம்பட்டி. கொண்டலாம்பட்டி.

பிறகு கொஞ்ச நேரம் பனி மட்டும்.
பிறகு, குளிர்காற்றைவிடச் சன்னமாய்,
"அன்னிக்கி ஓமலூர் வரைக்கும்
ஒரு கெணறு விடாம எட்டிப் பாத்தேன்."

விதி விதிதான்.
திரும்பாமல், குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னேன்:
அன்னிக்கி ஓமலூர் வரைக்கும்
ஒரு கெணறு விடாம எட்டிப் பாத்தேன்.

"சரி" என்றார்.
டேப் சுருள்கிற சத்தமும்
தெளிவாகவே கேட்டது.

இறக்கத்தில், ஏழாம் எண் பலகையருகே
இடது காது அடைத்துக்கொண்டது.
மூக்கைப் பிடித்தேன். தள்ளினேன்.
ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார்.
அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.
கீழே, வெள்ளைக்கல் மேடுகளுக்கு அப்பால்,
சூரமங்கலம் பக்கமாக ஒரு ரயில்
சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.